சாயம் போன ஜோடி

ஒரு ஜோடி முந்நூறு ரூபாய். பேரம் பேசினால் இருநூற்றைம்பதுக்கு இறங்கும். கூண்டுக்குத் தனிக்காசு. காட்டில் யாருக்கும் சொந்தமில்லாமல் பறக்கிற சில்லைக்குருவிக்கு இப்படி விலை வைத்தவன், சைக்கிள் கேரியரில் கூண்டுகளை அடுக்கிச் சந்தை வாசலில் நின்ற ஒருவன். வாங்கியவள் தங்கமணி. தியாகதுருகத்து மாட்டுத் தரகர் மகள். சொன்ன விலைக்கு ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட வாங்காதவள் என்று பெயர் எடுத்தவள், அன்றைக்கு மட்டும் மறுபேச்சு பேசாமல் மூன்று நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினாள். அந்தக் கூண்டு இப்போது தோட்டத்து வாசலில், அவள் தலைக்கு மேலே, காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கூண்டுக்குக் கீழே ஓர் இழுபறி நடந்துகொண்டிருந்தது. பந்தல்காரர் பிச்சைமுத்துவின் கையில் அரிவாள். அவருடைய மணிக்கட்டில் தங்கமணியின் கை.

"உடுங்கம்மா. சின்ன மொதலாளி சொல்லிட்டாரு. இந்தப் புல்ல அறுத்து எடம் பண்ணாதான் பெரியவர குளுப்பாட்ட முடியும்."

"அவரு சொல்வாரு. வூடு என்னுது."

"நீங்களே போன மாசம் எங்கிட்ட கேட்டீங்களேம்மா, இத அடியோட பேத்துப்போட எவ்ளோ ஆவும்னு. இன்னைக்கி நான் சும்மாவே அறுக்கறேன்றேன், புடிச்சிக்கினு நிக்கறீங்க."

அவள் பிடியை விடவில்லை. கூடத்தில், வாடகைக் கண்ணாடிப் பெட்டிக்குள், அவள் புருஷன் கொளஞ்சியப்பன் குளிர்ந்துகொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் இந்தத் தோட்டத்தில்தான், அதோ அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இன்றைக்கு மத்தியானம் எடுப்பு. வாசலில் பறை ஒருமுறை அடித்து ஓய்ந்திருந்தது. அடித்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

பிச்சைமுத்து சொன்னதில் பொய் இல்லை. தோட்டத்தில் இடுப்பு உயரத்துக்குப் புல் மண்டியிருந்தது. நடுவே தினை, அதன் நடுவே ஓர் எலுமிச்சை மரம். இதை வெட்டி எறிந்துவிட்டுச் சிமெண்டுத் தரை போட வேண்டும், துணி துவைக்க ஒரு கல் போட வேண்டும் என்று ஐந்து வருஷமாகத் தெருவுக்கே கேட்கும்படி சண்டை போட்டவள் அவள்தான். அவள் கட்சி எது என்று கள்ளக்குறிச்சியில் பாதிப் பேருக்குத் தெரியும். இன்றைக்குத் திடீரென்று புல்லின் பக்கம் சாய்ந்தால் யார் நம்புவார்கள்?

*

கொளஞ்சியப்பன் தானிய மண்டி வைத்திருந்தவர். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற சாமையும் தினையும், கீழே விளைகிற மக்காச்சோளமும் அவர் தராசில் ஏறித்தான் வெளியூர் போகும். மூட்டை மேல் ஒரு குருவி உட்கார்ந்தால் துண்டை உதறி விரட்டுவார். "ஓசி கிராக்கி, போ அந்தாண்ட" என்பார். நெஞ்சுக்குள் ரிங் வைத்த பிறகு, சாவியைத் தம்பி செல்லமுத்துவிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கும்படி ஆகிவிட்டது. அமைதியாக உட்காருங்கள் என்றார் டாக்டர். வியாபாரியிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? கிராக்கி வராத இடத்தில் அவருக்கு உட்காரத் தெரியாது.

ஒருநாள் பக்கத்துக் காலிமனையில் சின்னக் கூட்டமாகச் சில குருவிகள் இறங்கின. கட்டைவிரல் பருமன். பழுப்பு முதுகு, மார்பில் செதில் செதிலாய்ப் புள்ளி, பருத்த மூக்கு. இவர் சுவர்ப்பக்கம் தலையைக் காட்டியதும் ஒரே விசிறலில் மறைந்துவிட்டன.

"என்னப் பாத்துட்டு ஓடுற கிராக்கி இன்னும் பொறக்கலடி தங்கம்" என்றார். அன்றைக்குப் பிடித்தது வீம்பு.

முதலில் தட்டில் தினையைக் கொட்டி வைத்தார். காக்கா வந்தது, புறா வந்தது, அணில் குடும்பத்தோடு வந்தது. சில்லை மட்டும் வரவில்லை. தரையில் கொட்டிய சரக்கு அதற்கு ஆகாது, நிற்கிற கதிரில் தொங்கித்தான் கொறிக்கும் என்பது புரியவே ஒரு வருஷம் ஆயிற்று. அப்புறம் தினை விதைத்தார். கூடவே முளைத்த புல்லைப் பிடுங்காமல் விதை கட்ட விட்டார். மண்தட்டில் விரல்கணு ஆழத்துக்குத் தண்ணீர். பூனை வராமலிருக்கச் சுவர்மேல் முள். எல்லாம் செய்துவிட்டு, சாம்பல் நிறச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, தினமும் அதே நாற்காலியில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்தார். சட்டையை மாற்ற மாட்டார். "வேசத்த மாத்துனா வியாபாரம் கெட்டுடும்" என்பார்.

"கூப்புட்டா வருமா அது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கூப்புட்டா வராது. கடையத் தொறந்து வெச்சிட்டு வேற எங்கியாச்சும் பாத்துக்கினு ஒக்காரணும். கிராக்கி மூஞ்சிய பாத்தன்னு வெச்சிக்க, கிராக்கி போயிடும்."

"முப்பது வருசம் கூவிக் கூவி ஏவாரம் பண்ணிட்டு, இப்ப வந்து ஊமைக் கடை வெச்சிருக்குறீங்க."

மூன்று வருஷம் ஒன்றும் வரவில்லை. மனுஷன் இளைத்துப் போனதாக அவளுக்குப் பட்டது. ஒரு பொருள் இவ்வளவு வேண்டும் என்றால் வாங்கிவிட வேண்டியதுதானே? அவள் வளர்ந்த வீட்டில் அதுதான் நியாயம். சந்தைக்குப் போய் முந்நூறு கொடுத்து ஒரு ஜோடி வாங்கி வந்து வாசலில் மாட்டினாள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. கொளஞ்சியப்பன் கூண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மழை பிடித்துச் சாரல் அடித்தது. கூண்டின் அடியிலிருந்து பச்சையும் சிவப்புமாகச் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் பழுப்பாகி, நனைந்த துணிப் பந்து போல உட்கார்ந்திருந்தன.

அப்போதுதான் அவர் சிரித்தார். ரிங் வைத்தபின் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"தரகர் மவளுக்கே சாயம் அடிச்சி வித்துட்டானே."

மழை விட்டதும் எழுந்துபோய்க் கூண்டைத் திறந்துவிட்டார். இரண்டும் சுவரைத் தாண்டிப் போயின. முந்நூறும் போயிற்று என்று அவள் வருஷம் முழுக்க முணுமுணுத்தாள்.

இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஆறு" என்றார்.

"இன்னா ஆறு?"

"கிராக்கி. ஆறும் வரவு. அதுல ரெண்டு உன்னுது. உன் முந்நூறு வீணாப் போவல."

அதற்கப்புறம் சாயங்காலம்தோறும் தட்டில் கை வைக்கும்போது இந்தக் கணக்கைச் சொல்லாமல் அவர் சாப்பிட்டதில்லை. எல்லாம் வந்தால் "ஆறும் வரவு." குறைந்தால் "நாலு வந்துது, ரெண்டு பாக்கி." பாக்கி விழுகிற நாளில் கூடவே ஒரு குத்தலும் வரும். "உன் ஜோடிதான் வரல. தியாகதுருகத்துக்காரங்க எதுக்குத்தான் நேரத்துக்கு வந்தாங்க?"

எலுமிச்சை மரத்தில் புல்லால் பந்து கட்டி ஒரு கூடும் வந்தது. போன வாரம் கூட்டுக்குள்ளிருந்து ஊசிபோலச் சத்தம் கேட்டது. "குஞ்சு பறக்கட்டும். அப்புறம் நீ சிமெண்டு போட்டுக்க" என்றார். ஐந்து வருஷச் சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள். இன்றைக்கு அரிவாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

*

"அண்ணி, இன்னா இங்க?"

செல்லமுத்து வந்துவிட்டார். அண்ணன் சாவை எடுத்து நடத்துகிறவர். தோளில் துண்டு, காதில் போன், கையில் பழக்கடைப் பில். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஆனால் வேலை நிற்கவில்லை.

குருவி என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் கூடவே தெரிந்தது. பாவம், புத்தி கலங்கிப்போச்சு என்று இரண்டு பொம்பளைகள் வந்து கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போவார்கள். தாலி அறுந்த அன்றைக்குப் பொம்பளை பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

"பாம்பு கெடக்குது தம்பி" என்றாள்.

பிச்சைமுத்துவின் கை தானாகப் பின்வாங்கியது. சரக்கு விலைபோய்விட்டது என்று அவள் நினைத்தாள். தப்புக் கணக்கு. சாவு வீட்டில் சும்மா நிற்கிற ஆம்பளைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது என்பதுதான் நடந்தது. பாம்பு என்ற சொல் தெருமுனை வரை ஓடித் திரும்பியபோது, நாலு பேர் பந்தல் கொம்போடு தோட்டத்துக்குள் நின்றார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். இன்னொருவர், "வைக்கோலு கொளுத்திப் புகை போட்டா தன்னால வெளிய வரும்" என்று தீப்பெட்டி கேட்டார்.

மகன் பகலவன் விடியற்காலைதான் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தான். அவனும் சத்தம் கேட்டு வந்தான். "பாம்பாம்மா? அப்பா ஒருநாளும் சொல்லலியே?"

"உங்கப்பா இன்னாத்த சொன்னாரு உங்கிட்ட?"

விற்ற பொய்யைத் திரும்ப வாங்க முடியாது. அதற்குமேல் ஒசத்தியான பொய் ஒன்றை விற்றால்தான் உண்டு. தங்கமணி புல்லுக்கும் கொம்புகளுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நல்ல பாம்பு. ஆடிக்கு ஆடி அவரு முட்ட வெச்சிப் பாலு ஊத்துனது. அது வாசல்லதான் நேத்து அவரு உசுரும் போயிருக்குது. இன்னைக்கி அத அடிக்கிறவங்க அடிங்கப்பா. நான் ஒண்ணும் சொல்லல."

கொம்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. தீப்பெட்டி கேட்டவர் அதே தீப்பெட்டியால் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, புல்லோரம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ மஞ்சள் தெளித்தார்கள். இல்லாத பாம்புக்குக் கோயில் எழும்பிவிட்டது.

செல்லமுத்து மட்டும் அசையவில்லை. மண்டியில் ஈர மூட்டையைக் கையை நுழைத்துப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர். "நல்ல பாம்பு கெடக்கற எடத்துலயா அண்ணன் தெனம் நாக்காலி போட்டு ஒக்காந்துக்கினு இருந்தாரு?"

அந்த நேரத்தில்தான் ராசு வந்தான். கரியாலூர்க்காரன். கொளஞ்சியப்பனுக்குப் பல வருஷமாகத் தினை போட்டவன். எல்லார் கையிலும் மாலை இருந்தது. அவன் கையில் ஒரு கட்டுத் தினைக்கதிர். சேதி தெரிந்து வந்தவன் இல்லை. தோட்டத்துத் தினை கொறித்துத் தீர்ந்துவருகிறது, ஒரு கட்டு கொண்டு வா என்று போன வாரம் இவர் போனில் கேட்டிருந்தார். பஸ் இறங்கித் தெரு திரும்பிய பிறகுதான் அவனுக்குப் பந்தல் தெரிந்திருக்கிறது. பெட்டியருகே போய்ப் பார்த்துவிட்டு, கதிர்க்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோட்டத்துப் பக்கம் வந்து நின்றான்.

"நல்லதாப் போச்சு. ராசு, நீ மலைக்காரன். உள்ள பாம்பு இருக்குதான்னு பாரு" என்றார் செல்லமுத்து.

ராசு புல்லை விலக்காமல் ஓரமாகவே நடந்தான். எலுமிச்சை மரத்தண்டை நின்றான். கூட்டைப் பார்த்தான். திரும்பித் தங்கமணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதுங்க" என்றான். "பெருசு. அடகாத்துக்கினு படுத்திருக்குது. இந்தாண்ட பறையெல்லாம் அடிக்காதீங்க. வெகுண்டுக்கிச்சின்னா தெருவுல ஒருத்தரு நிக்க முடியாது."

செல்லமுத்து கையிலிருந்த பில்லை மடித்து வைத்தார். பிறகு பிச்சைமுத்துவிடம், "சந்துல தார்ப்பாய் கட்டு. அங்கியே குளுப்பாட்டிக்கலாம்" என்றார்.

ஆட்கள் போனபின் ராசு கதிர்க்கட்டைத் துணிக்கொடியில் தலைகீழாகக் கட்டிக்கொண்டே மெல்லச் சொன்னான். "எங்க ஊருல பரண் மேல ஏறி ஒக்காந்து, இந்தக் குருவிய ஓட்டத் தகரம் தட்டிக்கினு கெடக்கறோம். நீங்க இன்னான்னா பாம்பக் காவலுக்கு வெச்சிருக்கீங்க."

"கதிருக்கு எவ்ளோடா?"

"மொதலாளியே போயிட்டாரு. உடுங்கம்மா."

பத்து மணிக்கு ஒரு அட்டைப்பெட்டி வெடி வந்து இறங்கியது. தங்கமணி செல்லமுத்துவைக் கூப்பிட்டாள்.

"வூட்டு வாசல்ல வெடி வேணாம் தம்பி."

"இன்னா அண்ணி இது? எங்க அண்ணன் இன்னா அனாதையா? ஊரு இன்னா பேசும்?"

"நெஞ்சு வெடிச்சிப் போன மனுசன். அவரு காதுல இன்னொரு வெடி வேணாம். தெரு தாண்டுங்க. அங்கேர்ந்து ஆத்தங்கரை வரைக்கும் வெச்சித் தள்ளுங்க. இன்னும் ரெண்டு பெட்டி நானே வாங்கித் தரேன்."

ஒன்றுக்கு மூன்று என்றதும் செல்லமுத்துவுக்கு மறுக்க வழியில்லாமல் போயிற்று. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

*

துக்கம் கேட்க வந்த பொம்பளைகள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எப்பதான் தெரிஞ்சிது?"

"காப்பி குடுக்கப் போனப்ப" என்றாள் தங்கமணி. காலையிலிருந்து எல்லோருக்கும் அதே பதில்.

பதிலில் பொய் இல்லை. ஆனால் எடை குறைவு.

நேற்று காப்பியை ஆற்றிக்கொண்டு தோட்டத்து வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். கொளஞ்சியப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஈரத் துண்டு மடியில் கிடந்தது. வெயில் சாய்ந்து புல்நுனியெல்லாம் செம்பு நிறமாக இருந்தது. குருவிகள் தினையில் இல்லை. அவர் காலடியில் இருந்தன. செருப்பின் வாரில் ஒன்று. நாற்காலிக் கைப்பிடியில் ஒன்று. இன்னொன்று அவர் முழங்கால் மேல் ஏறி நின்று, சட்டை ஓரத்தில் பிரிந்திருந்த நூலைக் கொத்தி இழுத்தது. கூட்டுக்கு வேண்டுமாக்கும். இவ்வளவு கிட்டத்தில் அவை ஒருநாளும் வந்ததில்லை.

அடடே, கடை நல்லா நடக்குது என்று நினைத்தாள். கதவை அசைக்காமல், மூச்சைக்கூடச் சத்தமாக விடாமல், டம்ளரோடு நின்றாள். மனுஷனுக்கு எவ்வளவு பொறுமை, ஒரு விரல்கூட அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று முதல்முறையாகப் பெருமைப்பட்டாள். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. எண்ணிப் பார்த்தாள். ஆறும் வரவு. இன்றைக்கு அவர் சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டாள்.

காப்பியில் ஆடை கட்டியது. வெயில் சுவரேறிப் போயிற்று. குருவிகளாகவே எழுந்து கூட்டுப் பக்கம் போனபிறகுதான் அவள் படி இறங்கினாள்.

"ஆறும் வரவு" என்றாள். "பாத்தீங்களா?"

அவர் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அப்பா சந்தையில் மாடு பேசும்போது வாய் திறக்க மாட்டார். இரண்டு பேர் கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரலை அமுக்கினால் ஒரு விலை. பதிலுக்கு அமுக்கினால் எதிர்விலை. தங்கமணி நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மடியில் கிடந்த துண்டுக்கு அடியில் கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்தாள். அமுக்கினாள். இன்னொருமுறை அமுக்கினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

வந்து பார்த்த டாக்டர், நாற்காலியில் சாய்ந்தபோதே முடிந்திருக்கும் என்றார். அவள் டம்ளரோடு நின்ற நேரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

*

மத்தியானத்துக்குமேல் எடுத்தார்கள். சந்தில் தார்ப்பாய்க்குள் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாய்க்கரிசி போட்டுத் தூக்கினார்கள். பகலவன் தீச்சட்டியோடு முன்னே நடந்தான். சொன்னபடி வெடி தெருமுனையைத் தாண்டித்தான் கேட்டது. தாண்டியபிறகு மூன்று பெட்டிக்கும் கேட்டது. ராசுவும் கூட்டத்தோடு போனான்.

வீட்டில் பொம்பளைகள் மட்டும். கூடத்தைக் கழுவிவிட்டார்கள். தங்கமணியின் தலையில் தண்ணீர் ஊற்றி, பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கட்டிவிட்டார்கள். தியாகதுருகத்திலிருந்து அவள் தம்பி எடுத்து வந்தது. சந்தன நிறம், விரல் அகலத்துக்கு ஜரிகை. "வெள்ளையெல்லாம் இப்ப யாருக்கா எடுக்கறா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு எடுப்போடு போயிருந்தான். தம்பியும் மத்தியானத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். தியாகதுருகத்துக்காரன்.

அவள் தோட்டத்து வாசலுக்கு வந்தாள். காலையில் ஒரு குருவி கூட்டுக்குள் போனதைப் பார்த்திருந்தாள். பறை ஆரம்பித்ததும் அது வெளியே விசிறிப் போனது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. கூட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்டது. நேற்றைவிட மெலிசாக.

பக்கத்து மனைக்கு மேலே கரண்டு கம்பியில் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் தெரிந்தன. இரண்டு பறந்து வந்து, சுவர் வரைக்கும் வந்து, திரும்பிவிட்டன. கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தன. அவள் அசையவில்லை. காற்றில் முந்தானை திரும்பியது. ஜரிகை வெயிலில் பளிச்சென்றது. கம்பி காலியாகிவிட்டது.

குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். கஞ்சி மொடமொடக்கிற புதுப் புடவை. கடையில் முன்பின் பார்க்காத முதலாளி.

சந்து ஓரத்தில் செல்லமுத்துவின் சம்சாரம் ஆயம்மாள் செத்தவர் துணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள். பாய், தலையணை, கடைசியாக உடுத்தியிருந்தது எல்லாம் அதில் இருந்தன. ஆள் வந்தால் எடுத்துப்போய்விடுவார். தங்கமணி முடிச்சை அவிழ்த்தாள்.

"இன்னாக்கா தேடற?"

சாம்பல் நிறச் சட்டை அடியில் கிடந்தது. உருவி எடுத்து உதறினாள். ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது.

"அது சாவுத்துணிக்கா. கையால தொடாத. போடு கீழ."

"பொத்தானு நல்லா இருக்குது" என்றாள் தங்கமணி.

ஆயம்மாள் உள்ளே போனாள். முந்நூறு ரூபாயை நினைத்து ஒரு வருஷம் முணுமுணுத்தவள், பொத்தானை விட மாட்டாள்தான்.

கல்யாணத்துக்கு முன்னால், கடலைக்கொல்லையில் களையெடுக்கப் போகும்போது, அப்பாவின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு போவாள். வெயிலுக்கும் சுணைக்கும் எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான். மண்டிக்காரர் சம்சாரம் ஆனபிறகு அந்த வழக்கம் விட்டுப்போயிற்று. கை மறக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகி, சட்டையை மேலே மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டாள். தோள் அவளுக்குப் பெரிது. கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். தினையும் வேர்வையும் மூக்குப்பொடியும் கலந்த வாசம் மெல்ல எழும்பியது.

படி இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பார்க்கிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பழைய சுவர், சுவரில் பெயர்ந்த காரை. இத்தனை நாள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா மனுஷன்?

வெடிச்சத்தம் ஆற்றுப் பக்கம் ஓய்ந்தது. காலையில் ஏற்றிய கற்பூரத்தின் கரி புல்லோரம் ஒரு கறுப்புப் பொட்டாக இருந்தது. துணிக்கொடியில் ராசு கட்டிய கதிர்கள் காற்றுக்கு ஆடி நின்றன.

முதலில் கடைக்கண்ணில் ஒரு நிழல். கொடிக்கயிறு கொஞ்சம் தாழ்ந்து எழுந்தது. அவள் திரும்பவில்லை. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் கதிரைத் தொடாமல் வெகுநேரம் இவளைப் பார்த்தன. சட்டையைப் பார்த்தனவோ என்னவோ. பிறகு ஒன்று கொறிக்க ஆரம்பித்தது. உமி சுழன்று சுழன்று இறங்கியது. மற்றது நேரே எலுமிச்சைக்குப் போய்க் கூட்டுக்குள் தலையை விட்டது. உள்ளே சத்தம் ஒரேயடியாக ஏறி, அடங்கியது. சுவர்மேல் மூன்றாவது. தண்ணீர்த் தட்டின் விளிம்பில் நான்காவது.

அவள் காரை பெயர்ந்த சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கம்பியில் வேறு எதுவும் இல்லை. மனைக்கு மேலே வானம் மங்கிக்கொண்டு வந்தது.

"அக்கா" என்று உள்ளேயிருந்து ஆயம்மாள் கூப்பிட்டாள். "ஆம்பளைங்க திரும்பி வர்ற நேரமாச்சி. கூடத்துல வெளக்கு வெக்கணும். இன்னும் அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கற?"

தங்கமணி தலையைத் திருப்பவில்லை. உதடு அதிகம் அசையாமல் சொன்னாள்.

"நாலு வந்துது. ரெண்டு பாக்கி."